அகாட்சுகி நோ யோனா: பாதியில் நிற்கும் இந்த அனிமேயை ஏன் இன்னும் பரிந்துரைக்கிறார்கள்?

கவனிக்கப்படாமல் போன ஃபேன்டஸி அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) என்று யார் பட்டியல் போட்டாலும் 'அகாட்சுகி நோ யோனா' அதில் வந்துவிடும். ஆங்கிலத்தில் இதன் பெயர் 'யோனா ஆஃப் தி டான்'. பட்டியலை நம்பிப் பார்க்க உட்கார்ந்தவர்களில் ஒரு பகுதியினர் குழம்பிப்போவதும் வழக்கம்தான். முதல் சில எபிசோடுகளில் இளவரசி பேச்சிழந்து கிடக்கிறாள். பிறகு அவளைச் சுற்றி அழகான ஆண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். 24 எபிசோடும் முடிந்த பிறகும் அரியணை மீளவில்லை, அப்பாவைக் கொன்றவன் அரண்மனையில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறான். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

பழிவாங்கும் கதை என்று நினைத்துப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். தன் அப்பா எப்படிப்பட்ட நாட்டை விட்டுப்போனார் என்பதை, அரண்மனைக்குள்ளேயே வளர்ந்த ஒரு பெண் ஊர் ஊராக நடந்து கண்டுபிடிக்கும் கதை இது. அந்தக் கோணத்தில் பார்த்தால் மெதுவாக நகர்வதுபோல் தெரியும் பகுதிகள்தான் இதன் வலுவான பகுதிகள். அதை விளக்க, அடிப்படையிலிருந்தே தொடங்கலாம். அனிமேயில் வரும் சில திருப்பங்களைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. அதற்குப் பிறகு மங்காவில், அதாவது மூலமான ஜப்பானியக் காமிக்ஸில், வருபவற்றை வெளியிடவில்லை.

## அடிப்படைத் தகவல்கள்

மூலக்கதை மிசுஹோ குசானகியின் மங்கா. ஹாகுசென்ஷா நிறுவனத்தின் 'ஹானா டு யூமே' இதழில் 2009-இல் தொடராக வரத் தொடங்கியது. அது ஷோஜோ இதழ்; அதாவது பதின்பருவப் பெண்களை முதன்மை வாசகர்களாக வைத்து நடத்தப்படுவது. அனிமேயைத் தயாரித்தது ஸ்டுடியோ பியரோ, இயக்கியவர் கசுஹிரோ யோனெடா. 2014 அக்டோபர் 7 முதல் 2015 மார்ச் 24 வரை ஒளிபரப்பானது. இளவரசி யோனாவுக்குக் குரல் கொடுத்தவர் சிவா சைட்டோ, அவளைக் காக்கும் வீரன் ஹாக்குக்குத் தோமோஆகி மாயெனோ.

ஜப்பானியத் தொலைக்காட்சியில் மூன்று மாத ஒளிபரப்பை ஒரு 'கூர்' என்பார்கள். அதில் 12 அல்லது 13 எபிசோடுகள் வரும். யோனாவுக்குக் கிடைத்தது இரண்டு கூர். மங்காவின் முதல் 8 தொகுதிகள் அளவுக்கான கதை அதில் அடங்கிவிட்டது. மங்காவோ 40 தொகுதிகளைத் தாண்டிப் போனது. ஒரு தொகுதிக்கு மூன்று எபிசோட் என்று வைத்தால், 40 தொகுதிகளுக்கே 120 எபிசோடுகள் வேண்டும். ஆக, இந்த 24 எபிசோடுகள் முழுக்கதையின் முதல் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தக் கணக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதிக் கோபம் குறைந்துவிடும்.

## கூக்கா நாடும் ஐந்து குலங்களும்

கதை நடப்பது கூக்கா என்ற கற்பனை நாட்டில். ஜப்பானியத் தொடர் என்றாலும் பெயர்களும் உடைகளும் கட்டடங்களும் பழைய கொரியாவை ஒட்டியவை. யோனா, ஹாக், சூ-வோன், ஜே-ஹா என்ற பெயர்களிலேயே அது தெரியும். கி.பி. 668-இல் வீழ்ந்த கோகுர்யோ அரசும் ஐந்து குலங்களின் கூட்டமைப்பாகத் தொடங்கியதுதான். கெரு என்ற குலம் அரச குலமாக இருந்தது. கூக்காவின் அமைப்பும் ஏறக்குறைய அதேதான்.

1. வானக் குலம்: அரச குடும்பம் இங்கிருந்து வருகிறது. தலைநகரும் ஹிர்யூ கோட்டையும் இவர்கள் வசம்.
2. காற்றுக் குலம்: ஹாக் இதன் தளபதி. அவனை வளர்த்த முன்டோக் தாத்தா இதன் பழைய தலைவர்.
3. நெருப்புக் குலம்: படைபலம் உண்டு, விளைநிலம் இல்லை. அதிகார ஆசை அதிகம்.
4. மண் குலம்: போர்க்குணம் மிக்க கூன்-டே இதன் தலைவர்.
5. நீர்க் குலம்: அனிமேயில் ஏறக்குறைய நிழலாகவே இருக்கிறது.

புதிய அரசன் முடிசூட வேண்டுமானால் குலத் தலைவர்களின் ஒப்புதல் வேண்டும். தொடக்கப் பகுதியின் அரசியல் முழுவதும் இந்த ஒரே விதியில் தொங்குகிறது. அரண்மனையில் கத்தி எடுத்தவன் அன்றிரவே அரசனாகிவிட முடியாது; காற்றுக் குலம் தலையசைக்க மறுத்தால் காரியம் நிற்கும். மறுக்கவும் செய்கிறார்கள். உடனே நெருப்புக் குலம் ஆற்றை மேல்பக்கத்தில் தடுத்து, காற்றுக் குலத்தின் ஊருக்குத் தண்ணீர் வராமல் செய்கிறது. வணிகர்களையும் தாக்குகிறது. மூச்சுக் கோளாறு உள்ள டே-யோன் என்ற சிறுவனுக்கு மருந்து அந்த வணிகர்களிடமிருந்துதான் வர வேண்டும். இந்த இடத்தில் வாள் சண்டையைவிட ஆற்றுநீர் பெரிய ஆயுதமாகிறது. முன்டோக் கடைசியில் ஒப்புக்கொள்கிறார். ஹாக் தளபதிப் பொறுப்பைத் துறந்து ஊரைவிட்டுக் கிளம்புகிறான். ஃபேன்டஸி அனிமேயில் இவ்வளவு தெளிவான நிர்வாகத் தர்க்கம் அபூர்வம்.

## அரசரைக் கொன்றவனின் பக்கம்

யோனாவின் 16-ஆவது பிறந்தநாள் இரவில் ஈல் அரசர் கொல்லப்படுகிறார். கொன்றவன் சூ-வோன், யோனாவின் பெரியப்பா மகன், சிறுவயதிலிருந்து அவள் மனதில் இருந்தவன். அன்றுதான் அவளுக்கு ஒரு கொண்டை ஊசி பரிசளித்திருந்தான்.

கதை இங்கே ஒரு எளிய வழியை விட்டுவிடுகிறது. சூ-வோனை அதிகார வெறியனாகக் காட்டியிருந்தால் வேலை முடிந்தது. மாறாக அவனுக்கு இரண்டு காரணங்கள் தரப்படுகின்றன. ஒன்று சொந்தப் பகை: அவன் அப்பா யூ-ஹோன் மூத்த இளவரசர், போர்க்களத்தில் பேர் பெற்றவர், அரியணை தம்பி ஈலுக்குப் போனது, யூ-ஹோனைக் கொன்றதும் ஈல்தான் என்கிறான். இன்னொன்று அரசியல். ஈல் ஆயுதங்களை வெறுத்தவர், மகளைக்கூட ஆயுதம் தொட விடாதவர். அந்த நல்ல மனது எல்லையில் அண்டை நாட்டுக்கும், உள்ளே ஊழல் பிரபுக்களுக்கும் வசதியாகிப்போனது.

பார்வையாளருக்கு இந்த இரண்டாவது காரணம் முதலில் வெறும் சாக்குப்போக்காகத்தான் படும். யோனா நாட்டைச் சுற்றச் சுற்ற, அது உண்மை என்று தெரியவருகிறது. அன்பான அப்பாவும் தோற்றுப்போன அரசரும் ஒரே ஆள்தான் என்பதை அவள் ஏற்க வேண்டியிருக்கிறது. இந்தத் தொடரின் உண்மையான முரண்பாடு அதுதான். சூ-வோனுக்கும் யோனாவுக்கும் இடையிலானது அதன் வெளித்தோற்றம் மட்டுமே.

நடுப்பகுதியில் சூ-வோன் மண் குலத்துக்கு விருந்தாளியாகப் போகும் எபிசோடுகளைப் பலர் வெறும் இடநிரப்பல் என்று தாண்டிவிடுகிறார்கள். தாண்டக் கூடாது. தேநீர் குடித்துக்கொண்டு, கடைவீதியில் அலைந்துகொண்டு, உருப்படாத இளவரசன்போல் நடிக்கிறான். பிறகு கூன்-டே ஆசைப்பட்ட போருக்குப் பதிலாக ஒரு விளையாட்டுப் போரை நடத்துகிறான். அது முடியும்போது அண்டை நாட்டு ஒற்றர்களின் கதை முடிந்திருக்கிறது, மண் குலத்தின் சரக்குகளுக்கு வியாபாரம் பெருக வழி பிறந்திருக்கிறது. கொலைகாரன் நல்ல அரசனாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியைத் தொடர் பார்வையாளரிடம் வைத்துவிட்டு நகர்கிறது.

## சொந்த நாட்டிலேயே நாடிழந்தவள்

நாடிழந்த இளவரசிகள் பொதுவாக எல்லை தாண்டி வேறு நாட்டில் படை திரட்டுவார்கள். யோனா அப்படிப் போவதில்லை. மலையுச்சியில் நெருப்புக் குலத் தலைவரின் மகன் டே-ஜூன் அவள் கூந்தலைப் பிடித்து நிறுத்த, கையிலிருக்கும் வாளால் கூந்தலையே அறுத்துக்கொண்டு ஹாக்கைக் காப்பாற்ற ஓடுகிறாள். இருவரும் பள்ளத்தில் விழுகிறார்கள். இளவரசி இறந்துவிட்டாள் என்ற செய்தி அரண்மனைக்குப் போகிறது. அதன் பிறகு அவள் சொந்த நாட்டிலேயே, பெயரில்லாத ஒருத்தியாக அலைகிறாள். மாறுவேடத்தில் நகர்சோதனை போகும் ராஜாக்களை நம் கதைகள் நிறையப் பார்த்திருக்கின்றன. அவர்கள் விடிவதற்குள் அரண்மனைக்குத் திரும்பிவிடுவார்கள். இவளுக்குத் திரும்ப இடமில்லை.

அவள் மாறுவது படிப்படியாக நடக்கிறது. எந்தப் படியும் சும்மா வருவதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது.

1. உறைந்த நிலை. தப்பியோடிய முதல் நாட்களில் அவள் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை. தொலைந்த கொண்டை ஊசியைத் தேடி இருட்டில் தனியாகப் போய்ப் பாம்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறாள். ஹாக் தன் உடம்பால் மறைத்துக் காப்பாற்றுகிறான். அப்பாவைக் கொன்றவன் தந்த பொருளுக்காக, உயிரோடிருக்கும் ஒரே துணையைச் சாகக் கொடுக்கப் பார்க்கிறாள். இதைக் கதை கண்டிக்கவும் இல்லை, நியாயப்படுத்தவும் இல்லை.

2. ஆயுதம். கூந்தலை அறுத்தவுடன் அவள் வீராங்கனை ஆகிவிடுவதில்லை. ஹாக்கிடம் கெஞ்சி வில் கற்கிறாள். எய்வதில் இருக்கும் சிரமம் கொஞ்ச நாளில் தீரும். உயிருள்ள ஒன்றைக் குறிவைக்கும்போது கை தயங்குவது தீருவதில்லை. அம்பை விட்டால் ஓர் உயிர் போகும் என்பதைத் தெரிந்துகொண்டு விட வேண்டும் என்பதுதான் ஹாக் தரும் பாடம். பயிற்சி பகலில் பயணம் முடிந்த பிறகு, இரவில் தொடர்கிறது. ஒரே பாட்டில் ஆளைத் தேர்ந்த வீரராக்கும் சுருக்குவழி இங்கே இல்லை.

3. நாடு. ஆவா துறைமுகத்தில் கும்-ஜி என்ற பிரபு மனிதர்களைப் பிடித்து விற்கிறான். எதிர்ப்பவர்கள் கிழவி கி-கான் தலைமையிலான கடற்கொள்ளையர்கள். சேர வேண்டுமானால் செங்குத்துப் பாறையில் முளைக்கும் மூலிகையைப் பறித்து வரச் சொல்கிறாள் கி-கான். கால் வைக்க இடமில்லாத விளிம்பில், கீழே அலை அடிக்க, நடுங்கிக்கொண்டே நகர்கிறாள் யோனா. பிறகு அடிமைக் கப்பலுக்குள் தானே இரையாகப் போகிறாள். கும்-ஜியைக் கொல்வது அவள் அம்புதான். இந்தப் பகுதி தொடரில் கிட்டத்தட்ட கால்வாசி. அவசரமே படாமல் எடுத்திருக்கிறார்கள்.

4. எதிரி. அதே ஊரில் சூ-வோனை நேருக்கு நேர் பார்க்கிறாள். அவன் அவளைக் காட்டிக்கொடுக்காமல் தன் மேலங்கியால் மறைக்கிறான். அவள் கை அவன் இடுப்பு வாளைப் பிடிக்கிறது. உருவ முடியவில்லை. இந்த ஒரு காட்சிக்காகவே 24 எபிசோடையும் பார்க்கலாம் என்பேன். கும்-ஜியை வீழ்த்தியவளால் இவனைத் தொட முடியவில்லை. பயம்தான் காரணமா, பாசமா, இரண்டுமா என்று யாரும் வசனம் பேசி விளக்குவதில்லை.

## டிராகன் வீரர்கள்: வரமா, நோயா?

ஃபேன்டஸி அம்சம் முழுவதும் ஒரு தொன்மத்திலிருந்து வருகிறது. ஹிர்யூ என்ற சிவப்பு டிராகன் மனிதனாகப் பிறந்து நாட்டை ஆண்டதாம். அவரைக் காக்க மற்ற நான்கு டிராகன்கள் தங்கள் இரத்தத்தை நான்கு மனிதர்களுக்குக் கொடுத்தனவாம். அந்தச் சக்தி தலைமுறை தலைமுறையாக ஒருவருக்குக் கைமாறுகிறது. அடுத்தவர் பிறந்ததும் முந்தையவரின் சக்தி தேயத் தொடங்குகிறது, உயிரும் கூடவே போகிறது. இக்-சூ என்ற துறவி சொல்லும் வாக்கின்படி யோனா இந்த நால்வரைத் தேடிப் போகிறாள்.

சுற்றிலும் ஆண்கள் என்பதால் இதை 'ரிவர்ஸ் ஹரேம்' என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. ஒரு பெண்ணை மையமாக வைத்துப் பல ஆண்கள் காதலுக்காகப் போட்டியிடும் கதைகளுக்கு அந்தப் பெயர். யோனாவில் காதல் இழை மிக மெல்லியது. டிராகன் வீரர்களை வைத்து ஆசிரியர் பேசும் விஷயமே வேறு: ஒரே மாதிரிச் சக்தியோடு பிறந்த பிள்ளைகளை மூன்று ஊர்கள் எப்படி நடத்தின?

வெள்ளை டிராகன் கிஜாவின் வலது கை நகங்கள் கொண்ட ராட்சதக் கை. அவன் ஊர் அவனைத் தெய்வமாக வைத்திருக்கிறது, வெளியுலகமே தெரியாமல் வளர்த்திருக்கிறது. அவன் முதுகில் இருக்கும் நகக்கீறல் தழும்போ, சக்தியை இழந்துகொண்டிருந்த அப்பா கொடுத்தது. நீல டிராகன் ஷின்-ஆவின் கண்கள் எதிரியைச் செயலிழக்கச் செய்யும். அளவுக்கு மீறினால் அந்த முடக்கம் அவனையே திருப்பித் தாக்கும். நிலத்தடியில் வாழும் அவன் ஊர்க்காரர்கள் அவனைச் சாபம் என்று அஞ்சி முகமூடி போட்டு வளர்த்தார்கள். துணைக்கு ஓர் அணில்தான். பச்சை டிராகன் ஜே-ஹாவைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். காலில் வானம் தொடும் பாய்ச்சல் இருப்பவனுக்குச் சங்கிலி! விதி, தலைவி, கடமை என்ற வார்த்தைகளைக் கேட்டாலே அவன் ஓடுவதற்குக் காரணம் அதுதான். இரத்தம் இழுப்பதால் சேர மாட்டேன், நானே முடிவெடுத்தால்தான் வருவேன் என்று அவன் அடம் பிடிப்பது இந்தப் பகுதியின் முதுகெலும்பு.

நான்காமவன் மஞ்சள் டிராகன் ஸெனோ. கடைசியில் பசியோடு வந்து உட்கார்ந்து சேர்ந்துவிடுகிறான். அனிமே மட்டும் பார்த்தவர்களுக்கு இது சுத்தமான அவசரமாகத் தெரியும். அவனுக்கான விளக்கம் மங்காவில் பின்னால் வருகிறது.

## இசை, படம், குறைகள்

இசை குனிஹிகோ ரியோ. ஜப்பானில் வாழும் கொரிய வம்சாவளியினர். கொரியாவில் யாங் பாங்-ஓன் என்ற பெயரில் அறியப்பட்டவர். கிழக்காசியக் கருவிகளையும் ஆர்கெஸ்ட்ராவையும் கலப்பது அவர் கைவந்த கலை. முதல் பாதியின் தொடக்கப் பாடலுக்கு வரிகளே கிடையாது, வெறும் இசைதான். விற்பனைக்காகப் பாடகர்களைத் தொடக்கப் பாடலில் திணிக்கும் துறையில் இது துணிச்சல். தயவுசெய்து ஸ்கிப் பட்டனை அழுத்தாதீர்கள்.

குறைகளும் வெளிப்படையானவை. துயரமான காட்சி நடுவே கதாபாத்திரங்கள் குட்டிப் பொம்மை உருவத்துக்கு மாறி நகைச்சுவை செய்வது பல இடங்களில் சூட்டைத் தணித்துவிடுகிறது. சண்டைகளில் நிலைப்படங்களை நகர்த்திச் சமாளிக்கும் இடங்கள் கண்ணில் படும். கும்-ஜி போன்ற வில்லன்களுக்குக் கொடுமையைத் தவிர வேறு குணமில்லை; சூ-வோனைச் செதுக்கிய கை இவர்களைச் செதுக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. வீரர்களைத் தேடிப் போகும் பகுதி, ஊருக்குப் போ, சந்தி, சேர்த்துக்கொள் என்ற ஒரே தடத்தில் ஓடுகிறது.

## ஏன் பெரிதாகப் பேசப்படவில்லை?

1. போட்டி. 2014 அக்டோபர் சீசனில்தான் 'பாராசைட்', 'யுவர் லை இன் ஏப்ரல்' போன்றவையும் வந்தன. பேச்சு முழுவதையும் அவை எடுத்துக்கொண்டன.

2. முத்திரை. ஷோஜோ என்றதும் காதல் கதை என்று முடிவுகட்டியவர்கள் ஒதுங்கினார்கள். காதலை எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கிடைத்ததோ ஆற்றுநீர்த் தகராறும் குல அரசியலும்.

3. பண ஏற்பாடு. பெரும்பாலான அனிமேக்களுக்குத் தயாரிப்புக் குழு என்ற கூட்டு முதலீடுதான் அடித்தளம். பதிப்பகம், டிஸ்க் நிறுவனம், இசை நிறுவனம் எனப் பலர் பணம் போடுவார்கள். ஸ்டுடியோ பெரும்பாலும் கூலிக்கு வேலை செய்யும் இடம்தான். அடுத்த சீசன் வேண்டுமா என்று அது தனியாக முடிவெடுக்க முடியாது. இன்னும் கதை முடிவடையாத மங்காவை அனிமே ஆக்குவதில் பதிப்பகத்தின் முதல் கணக்கு புத்தக விற்பனை. பார்த்தவர்கள் மீதியைப் படிக்கக் கடைக்குப் போனாலே அந்தக் கணக்கு நேராகிவிடும்.

4. மொழி. அந்தக் கணக்கு ஜப்பானுக்கு வெளியே பலிக்கவில்லை. அனிமே 2015 மார்ச்சில் முடிந்தது. மங்காவின் அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்பை விஸ் மீடியா வெளியிடத் தொடங்கியது 2016-இல். அதுவும் முதல் தொகுதியிலிருந்து. ஆர்வம் சூடாக இருந்த நேரத்தில் மற்ற நாட்டு ரசிகர்களுக்கு முறையாகத் தொடர வழியே இருக்கவில்லை.

## பார்க்கும் வரிசை

1. முதல் 5 எபிசோடுகளை இடைவெளி விடாமல் பாருங்கள். கூந்தல் அறுபடும் காட்சி ஐந்தாவதில் வருகிறது. மூன்றாவதோடு நிறுத்தியவர்கள்தான் 'அழுமூஞ்சி இளவரசி' என்று விமர்சிப்பவர்களில் அதிகம்.

2. பெயர்கள் குழப்பும். ஐந்து குலங்கள், நான்கு டிராகன்கள் இரண்டையும் தனித்தனியாக மனதில் வையுங்கள். டிராகன்களுக்கும் குலங்களுக்கும் ஒன்றுக்கு ஒன்று தொடர்பில்லை.

3. மண் குல எபிசோடுகளைத் தாண்டாதீர்கள்.

4. மங்கா தொகுதிகளோடு சேர்த்து மூன்று ஓவிஏக்கள், அதாவது தொலைக்காட்சியில் வராத தனி எபிசோடுகள், 2015, 2016-இல் வெளியாயின. முதலாவதை 24-க்குப் பிறகு பார்க்கலாம். மற்ற இரண்டும் ஸெனோவின் கடந்தகாலம். மங்காவில் அந்தப் பகுதி அனிமே முடியும் இடத்துக்கு வெகு தூரம் தள்ளி வருகிறது. மங்கா படிக்கும் எண்ணமிருந்தால் 17, 18-ஆம் தொகுதிகளைத் தாண்டும்வரை இவற்றைத் தொடாதீர்கள். இல்லையென்றால் பெரிய திருப்பம் ஒன்று வீணாகும்.

5. அனிமே முடிந்ததும் மங்காவை 8-ஆம் தொகுதியின் தொடக்கத்திலிருந்து எடுங்கள். சில அத்தியாயங்கள் ஏற்கெனவே பார்த்தவையாக இருக்கும், பரவாயில்லை. நெருப்புக் குலத்தின் வறண்ட கிராமங்களும், அங்கே டே-ஜூனுக்கு நடப்பதும் அதற்கடுத்து விரிகின்றன. இளவரசியைக் கொன்றுவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருக்கும் அந்த ஆளை அனிமே ஒரு கோமாளியாகவே விட்டுவிடுகிறது. மங்காவில் அவன் அப்படியே நின்றுவிடுவதில்லை.